உம்மம்மாவின் ஈமான்

கேள்வி: என் உம்மாவுக்கு 76 வயது. மக்தபில் (சிறுவர்கள் குர்ஆன் ஓதும் பள்ளி) ஓதியதோடு சரி. தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை) தவறவிட மாட்டார். மீன் வாங்கினால் ஆய்ந்து, ஒரு கிண்ணம் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பிறகுதான் சட்டியை அடுப்பில் வைப்பார். அகீதா (மார்க்கக் கொள்கை) வகுப்புக்குப் போகும் என் மகன் அவரிடம் அல்லாஹ்வின் ஸிஃபத்துகளைப் (பண்புகளை) பற்றி ஏழெட்டுக் கேள்விகள் கேட்டான். "அதெல்லாம் எனக்குத் தெரியாது வாப்பா, படைச்சவன் பார்த்துக்குவான்" என்றார். "உம்மம்மாவின் ஈமான் (இறைநம்பிக்கை) செல்லாது, விளங்கிக்கொண்டு மறுபடியும் கலிமா சொல்ல வேண்டும்" என்கிறான் அவன். உம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சொல்ல வைக்க வேண்டுமா?
- ஒரு வாசகி, காயல்பட்டினம்

பதில்: வேண்டாம். உங்கள் உம்மாவின் ஈமானுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதைச் சொல்லி அவரைச் சாப்பிட வையுங்கள்.

மற்றதெல்லாம் உங்கள் மகனுக்கு.

தம்பி, அகீதா படிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கையில் இருப்பது என்ன என்று தெரிந்து பிடியுங்கள். 'அகீதா' என்ற சொல் குர்ஆனில் இல்லை. முடிச்சுப் போடுவது என்ற வேரிலிருந்து வந்தது அது. நிக்காஹ் 'அக்து' (ஒப்பந்தம்) என்கிறோமே, அதற்கும் அதே வேர்தான். சமுதாயம் நாலா பக்கமும் இழுபட்ட காலத்தில், நாம் எதை நம்புகிறோம் என்று எழுதிவைக்க வேண்டியிருந்தது. 933இல் மறைந்த இமாம் தஹாவி போன்றவர்கள் எழுதினார்கள். தேவையான வேலை. தஃப்தரில் (பதிவேட்டில்) பதியாத நிக்காஹ் நாளைக்கு வழக்கில் போய் நிற்கும், அதனால் தஃப்தர் வேண்டும். அதற்காக, கையெழுத்துப் போட்டவரெல்லாம் குடும்பம் நடத்திவிட்டார் என்று ஆகிவிடாது.

ஈமான் என்ற சொல்லின் வேர் வேறு. 'அம்ன்', அதாவது அச்சமற்ற நிலை. "அல்லாஹ்வின் மீது ஆணையாக, அவர் ஈமான் கொண்டவர் அல்ல" என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை சொன்னார்கள். யார் என்று கேட்டார்கள் தோழர்கள். எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமின்றி இருக்க முடியவில்லையோ அவர் என்றார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அந்த 'அச்சமின்றி' என்ற இடத்திலும் அரபியில் அதே வேர்ச்சொல்தான் வருகிறது. உங்கள் உம்மம்மா கொடுத்தனுப்பும் மீன் கிண்ணத்தை இந்த ஹதீஸின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"ஈமான் கொண்டோம்" என்று சொன்ன நாட்டுப்புற அரபிகளிடம், "ஈமான் இன்னும் உங்கள் உள்ளங்களில் நுழையவில்லை" என்று குர்ஆன் (49:14) சொல்லவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறது. சொன்னவன் உள்ளங்களை அறிந்தவன். உஸாமா (ரலி) போர்க்களத்தில், கலிமா சொன்ன ஒருவரை வெட்டிவிட்டு, ஆயுதத்துக்குப் பயந்துதான் சொன்னார் என்றபோது, "அவருடைய இதயத்தைப் பிளந்து பார்த்தீரா?" என்று கேட்டார்கள் நபியவர்கள். அந்த நாளுக்குப் பிறகு இஸ்லாத்தில் சேர்ந்திருக்கக் கூடாதா என்று உஸாமா ஏங்கும் அளவுக்கு அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. அவர் எதிரே இருந்தவர் வாளேந்தி வந்தவர். உங்கள் எதிரே இருப்பது உங்களைத் தூக்கி வளர்த்தவர்.

ஆதாரம் காட்டத் தெரியாமல், கேட்டு நம்பியவரின் ஈமான் செல்லுமா என்பது பழைய விவாதம். உங்கள் வகுப்பில் 'முகல்லிதின் ஈமான்' என்று வந்திருக்கும். கடுமையாகப் பேசியவர்களும் உண்டு. செல்லும் என்பதே பெரும்பாலான ஆலிம்களின் முடிவு. இல்முல் கலாமை (நம்பிக்கைகளைத் தர்க்கத்தால் நிறுவும் கல்வி) கரைத்துக் குடித்த இமாம் கஸ்ஸாலி இதில் கோபமாகவே எழுதியிருக்கிறார். கலாம் ஆதாரங்கள் தெரியாத பாமர முஸ்லிம்களைக் காஃபிர் என்பவர்கள், அல்லாஹ்வின் விசாலமான ரஹ்மத்தைச் சுருக்கி, சொர்க்கத்தைக் கலாம் அறிஞர்களின் சின்னக் கூட்டத்துக்கு வக்ஃபாக எழுதிவைத்துவிட்டார்கள் என்கிறார். அவருடைய ஆசிரியர் இமாமுல் ஹரமைன் ஜுவைனி, நிஜாமிய்யா மத்ரஸாவில் பாடம் நடத்திய மேதை. 1085இல் மரணப் படுக்கையில் கிடந்தபோது, நைஸாபூர்க் கிழவிகளின் நம்பிக்கையிலேயே மௌத்தாகிறேன் என்று அவர் சொன்னதாக வரலாற்று நூல்களில் பதிவாகியிருக்கிறது. வாழ்நாளெல்லாம் ஆதாரங்களை அடுக்கியவர், கடைசியில் கையை நீட்டியது உங்கள் உம்மம்மாவைப் போன்றவர்களின் பக்கம்.

கேள்வி கேட்டு ஈமானை அளந்த ஆட்சியையும் பார்த்திருக்கிறோம். 833இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டதா என்று ஆலிம்களை விசாரிக்கச் சொன்னார். ஒப்புக்கொள்ளாத இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையில் கிடந்தார், அடுத்த கலீஃபாவின் காலத்தில் கசையடியும் பட்டார்.

"படைச்சவன் பார்த்துக்குவான்" என்று உம்மம்மா சொன்னதைத் தெரியாததற்குச் சொன்ன சாக்கு என்று எடுத்துக்கொண்டீர்கள். இருட்டில் எழுந்து ஒளு செய்கிற ஒருவர் அதைச் சொன்னால், அது தவக்குல், எல்லாவற்றையும் அல்லாஹ்விடம் ஒப்படைப்பது. இன்று மக்ரிபுக்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம், யாரும் பார்க்காத நேரத்தில் அவர் என்ன துஆ கேட்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கும்.