லென்ஸைத் திருப்பி மாட்டினால் ஒரு மயிரிழைதான் தெளிவாகிறது, ஏன்?

கேள்வி: கேனான் 700டி, 18-55 எஸ்டிஎம் லென்ஸ் வைத்திருக்கிறேன். பூச்சிகளைப் பெரிதாக்கி எடுக்க, 58 மி.மீ. ரிவர்ஸ் ரிங் (லென்ஸை முன்பின்னாகத் திருப்பிக் கேமராவில் பொருத்தும் வளையம்) வாங்கி லென்ஸைத் திருப்பி மாட்டினேன். எறும்பை எடுத்தால் ஒரு மயிரிழை அளவுதான் தெளிவாக வருகிறது. எஃப் எண் 00 என்று காட்டுகிறது. லென்ஸில் கோளாறா?

பதில்: கோளாறெல்லாம் இல்லை. கேனான் லென்ஸின் அப்பெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, கேமராவின் மின்சாரத்தில் இயங்குவது. அதன் அளவைச் சொல்வதுதான் எஃப் எண்; எண் பெரிதானால் துளை சிறிது. திருப்பி மாட்டினால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும், அதனால்தான் 00. துளையும் முழுசாகத் திறந்தே கிடக்கிறது. துளை பெரிதானால் தெளிவாகும் ஆழம் குறையும், அதுதான் உங்கள் மயிரிழை.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. லென்ஸை நேராக மாட்டி, ஏவி மோடில் (துளையின் அளவை நாமே தேர்ந்தெடுக்கும் மோடு) எஃப்8 வையுங்கள். லென்ஸ் கழற்றும் பொத்தானுக்குக் கீழே டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவ்யூ பொத்தான் இருக்கும்; அழுத்தினால் துளை நாம் வைத்த அளவுக்குச் சுருங்கும். அதை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றுங்கள். கையேட்டில் இப்படிச் சொல்லியிருக்காது, ஆனால் பலரும் செய்வதுதான். லென்ஸின் கண்ணாடி வழியே பார்த்தால் துளையைச் சுற்றியுள்ள இதழ்கள் சுருங்கி நிற்பது தெரியும். இனித் திருப்பி மாட்டலாம்.

எஃப்16, எஃப்22 என்று போக ஆசை வரும், வேண்டாம். இரண்டு மடங்கு பெரிதாக்கும்போது எஃப்8 ஏறக்குறைய எஃப்24 போல நடந்துகொள்ளும். அதற்கு மேல் மூடினால் படம் மொத்தமாக மழுங்கும். எஃப்8-இலேயே தெளிவு கால் மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் கிடைக்கும். எறும்பின் கண்ணைப் பிடித்தால் போதும் என்று இருங்கள்.

திருப்பி மாட்டிய ஜூமில் எல்லாம் தலைகீழ்: 18-இல்தான் பெரிதாக்கம் அதிகம், 55-இல் குறைவு. 55-இல் தொடங்குங்கள். முதலில் ஒரு ஸ்கேலைப் படமெடுத்துப் பாருங்கள். அகலவாட்டில் 22 மி.மீ. தெரிந்தால் நிஜ அளவு, 11 மி.மீ. என்றால் இரண்டு மடங்கு. ஃபோகஸ் வளையத்தை மறந்துவிட்டு, கேமராவையே முன்னும் பின்னும் நகர்த்துங்கள். லென்ஸின் விளிம்புக்கும் பூச்சிக்கும் நடுவே சுமார் நாலரை சென்டிமீட்டர்தான் இருக்கும்.

அடுத்த தலைவலி வெளிச்சம். உள்ளே இருக்கும் ஃபிளாஷ் லென்ஸின் நிழலைத்தான் பூச்சிமேல் போடும். தனி ஃபிளாஷைப் பக்கவாட்டில் வைத்து, முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். மேனுவல் மோடு, ஷட்டர் 1/200. கை நடுக்கத்தையும் ஃபிளாஷே பார்த்துக்கொள்ளும்.

பின்பக்கக் கண்ணாடி இப்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மண்ணில் இடிக்காமல் கவனம். வேலை முடிந்ததும் லென்ஸை நேராக மாட்டி ஆன் செய்தால் அப்பெர்ச்சர் தானாகத் திறந்துகொள்ளும்.