கடலற்ற பராகுவேயின் கடற்படை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தென்னமெரிக்கப் போர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ‘1865ஆம் ஆண்டு ரியாச்சுவேலோ சண்டையில் பராகுவேயின் கடற்படை அழிந்தது’ என்று ஒரு வரி வருகிறது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோது அந்த நாட்டுக்குக் கடற்கரையே இல்லை. இன்றும் அங்கே ஒரு கடற்படை இருக்கிறது என்று அறிந்து மேலும் வியந்தேன். கடல் இல்லாத நாட்டுக்குக் கடற்படை வெறும் கௌரவச் சின்னம்தானே? வசதி குறைந்த ஒரு நாடு அதற்குச் செலவிடுவது முறையா? அது எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

இந்த ஐயம் எழுவதற்குப் பாதிக் காரணம் நம்முடைய சொல். ‘கடற்படை’ என்னும்போதே கடல் வந்துவிடுகிறது. பராகுவே மக்கள் தங்கள் படையை ‘அர்மாடா’ என்கிறார்கள். அந்த ஸ்பானியச் சொல்லுக்கு ஆயுதம் தாங்கியது என்பதே பொருள், கடல் அதில் இல்லை. ஆற்றுப்படை என்று பெயரிடலாம் என்றால், பரிசில் பெற்ற பாணன் இன்னொருவனை வள்ளலிடம் வழிப்படுத்தும் நூல்வகைக்கு அதைச் சங்கப் புலவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆகவே கடற்படை என்றே எழுதுகிறேன். நீங்கள் ஆற்றை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

பராகுவே ஆறு நாட்டை வடக்குத் தெற்காக இரண்டாகப் பிளந்து ஓடி, பரானா ஆற்றில் கலக்கிறது. தலைநகரான அசுன்சியோனிலிருந்து ஆற்றுவழியே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் சென்றால் புவெனஸ் அயர்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பராகுவேக்குள் ஒரு துப்பாக்கி வரவேண்டுமென்றாலும் தேநீர்போல் காய்ச்சிக் குடிக்கும் மாத்தே இலை ஒரு மூட்டை வெளியே போகவேண்டுமென்றாலும் பெரும்பாலும் இந்த வழிதான். வழியைக் காப்பவனே நாட்டைக் காப்பவன் என்னும் நிலையில், படகும் பீரங்கியும் அங்கே கௌரவத்துக்காக வந்தவையல்ல.

1864இல் தொடங்கிய முக்கூட்டணிப் போரில் பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே ஆகிய மூன்று நாடுகளைப் பராகுவே எதிர்த்து நின்றது. அப்போது அதனிடம் போருக்கென்றே கட்டப்பட்ட கப்பல் இங்கிலாந்தில் உருவான ‘தக்குவாரி’ ஒன்றே. மற்றவை பீரங்கி ஏற்றப்பட்ட வணிக நீராவிக் கப்பல்கள். அவற்றுள் ஒன்று போரின் தொடக்கத்தில் பிரேசிலிடமிருந்து கைப்பற்றப்பட்ட ‘மார்க்கேஸ் டி ஒலிண்டா’. நீங்கள் குறிப்பிட்ட ரியாச்சுவேலோ சண்டை நடந்தது 1865 ஜூன் 11 அன்று. கொரியென்டஸ் நகருக்கு அருகே பரானா ஆற்றில் நங்கூரமிட்டிருந்த ஒன்பது பிரேசில் கப்பல்களை விடியலுக்கு முன் நெருங்கிப் பிடித்துவிடுவது திட்டம். தளபதி மெசாவின் கப்பல்கள், ஒற்றைப் பீரங்கியைச் சுமந்து நீர்மட்டத்தோடு தாழ்ந்து மிதக்கும் ‘சாட்டா’ எனப்படும் தட்டையான படகுகளை இழுத்துக்கொண்டு புறப்பட்டன. வழியில் ஒரு கப்பலின் இயந்திரம் பழுதாக, அவர்கள் சென்று சேர்வதற்குள் பொழுது விடிந்துவிட்டது. பிரேசில் தளபதி பரோசோ, தன் ‘அமசோனாஸ்’ கப்பலையே ஆயுதமாக்கி எதிரிக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக முட்டி வீழ்த்தினார். பராகுவே நான்கு நீராவிக் கப்பல்களை இழந்தது. காயமடைந்த மெசா பின்னர் இறந்தார். ஆற்றின் கீழ்ப்பகுதி பிரேசிலின் கைக்குப் போனதும் வெளியுலகிலிருந்து ஆயுதம் வரும் வழி அடைபட்டுவிட்டது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் பகுதி இனிமேல்தான் வருகிறது. பராகுவே போருக்கு முன்பே ஐரோப்பாவில் இரும்புக் கவசக் கப்பல்களைக் கட்டச் சொல்லியிருந்தது. போர் மூண்டு பணம் செலுத்த முடியாமல் போனபோது, பாதி வேலை முடிந்த அக்கப்பல்களைப் பிரேசிலே வாங்கிக்கொண்டது. 1868 பிப்ரவரி 19 அன்று, ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டிக் காக்கப்பட்ட உமைட்டா கோட்டையைக் கடந்து மேலேறிய கவசக் கப்பல்களுள் ஒன்றான ‘பாயியா’ அப்படி வந்தது. ஏறத்தாழ இரு வாரங்கள் கழித்து, பராகுவே வீரர்கள் இரவில் சிறு தோணிகளில் மிதந்து சென்று இரண்டு கவசக் கப்பல்களின் மேல்தளத்தில் ஏறி வெட்டுக் கத்திகளோடு சண்டையிட்டு மடிந்தார்கள். அவற்றுள் ஒன்றான ‘லிமா பாரோஸ்’, அவர்களுடைய நாடே தனக்காகக் கட்டச் சொன்ன கப்பல்.

அடுத்த நூற்றாண்டில் இந்தப் பாடத்தை மறக்காத ஒருவர் இருந்தார். எலிஜியோ அயாலா குடியரசுத் தலைவராக இருந்த 1920களில், பராகுவே ஆற்றுக்கு மேற்கே பரந்துகிடக்கும் சாக்கோ நிலத்துக்காகப் பொலிவியாவோடு போர் வரும் என்பது தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பயின்ற ஹோசே பொஸ்ஸானோ என்ற கடற்படைப் பொறியாளர் வடிவமைக்க, ‘பராகுவே’, ‘உமைட்டா’ என்ற இரண்டு பீரங்கிக் கப்பல்கள் இத்தாலியின் ஜெனோவாவில் கட்டப்பட்டு 1931இல் அசுன்சியோன் வந்தன. நான்கு 120 மி.மீ. பீரங்கிகளும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் இருந்தும், இரண்டு மீட்டருக்கும் குறைவான ஆழமே அவற்றுக்குப் போதும். 1932இல் போர் தொடங்கியபோது அவை படைவீரர்களை ஏற்றிக்கொண்டு புவெர்ட்டோ கசாடோவுக்குச் சென்றன. அங்கிருந்து தோல் பதனிட உதவும் ‘தனின்’ சாற்றை எடுக்கும் ஆலைக்காகப் போடப்பட்ட குறுகிய இருப்புப்பாதை ஏறத்தாழ 145 கிலோமீட்டர் சாக்கோவுக்குள் கொண்டுபோய் விட்டது. பொலிவிய வீரனோ பீடபூமியிலிருந்து ரயிலில் அர்ஜென்டினா எல்லைவரை வந்து, அதன்பின் மோசமான பாதைகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரியிலும் கால்நடையாகவும் வரவேண்டியிருந்தது. பராகுவே அந்தப் போரில் வென்றதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. இந்த ஆற்றுவழியை நான் முதலில் வைப்பேன்.

இன்றைய அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போர்க்கப்பல் பிரிவு, கடற்படைக் காலாட்படை, சிறிய விமானப் பிரிவு, ஆற்றுப் போக்குவரத்தையும் துறைகளையும் கண்காணிக்கும் ‘பிரெஃபெக்துரா’ ஆகியவை அதன் முக்கிய உறுப்புகள். தளங்கள் வடக்கே பாயா நெக்ரா முதல் கிழக்கே பரானா ஆற்றோரம்வரை பரவியிருக்கின்றன. நாட்டின் சோயா ஏற்றுமதியில் பெரும்பகுதி இன்றும் சரக்குப் படகுத் தொடர்களில் ஆற்றுவழியேதான் கடலை அடைகிறது. பிரேசில் எல்லையிலோ கடத்தல்காரர்கள் இரவில் படகில் கடக்கிறார்கள். எனவே அன்றாட வேலை அதிகமும் பிரெஃபெக்துராவுக்குத்தான். ரோந்துக் கப்பல்களுள் ஒன்றான ‘இத்தாயிபு’ 1980களில் பிரேசிலிலேயே கட்டப்பட்டது. ‘உமைட்டா’ அசுன்சியோனில் அருங்காட்சியகமாக நிற்கிறது. செலவு முறையா என்று கேட்டிருந்தீர்கள். ஆற்றைக் காவலின்றி விடும் செலவை அந்த நாடு ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட்டது என்பதால், முறையே என்று கருதுகிறேன்.

உங்கள் கடிதத்தால் என் வரியையும் மீண்டும் படித்தேன்; அது தவறு. ரியாச்சுவேலோவில் பராகுவேயின் கடற்படை முழுவதும் அழியவில்லை. தப்பிய கப்பல்களுள் சில போரின் கடைசிக் கட்டம்வரை மிதந்தன. 1869இல், பின்வாங்கும் படையோடு சிற்றாறான யாகுயிக்குள் கொண்டுசெல்லப்பட்டு, பகைவர் கையில் சிக்காதிருக்க அங்கேயே எரிக்கப்பட்டன. அவ்விடத்தின் பெயர் ‘வபோர் குவே’. ‘வபோர்’ ஸ்பானியத்தில் நீராவிக் கப்பல். ‘குவே’ அந்நாட்டுப் பழங்குடி மொழியான குவாரனியில் ‘முன்பு இருந்தது’ என்பதைக் குறிக்கும் ஒட்டு. கப்பல்களின் எஞ்சிய பகுதிகளும் கொதிகலன்களும் அங்கே இன்றும் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. கட்டுரையில் அந்த வரியை இதற்கேற்பத் திருத்திவிட்டேன்.