பூட்டு திறக்கும் கருவி வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

சாவி இல்லாமல், உள்ளே இருக்கும் பின்களை (ஸ்பிரிங் தள்ளும் சிறு உலோகத் துண்டுகளை)க் கம்பியால் தொட்டு உணர்ந்து பூட்டைத் திறப்பதைப் பொழுதுபோக்காகப் பழகுபவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஜெர்மனியில் 1997 முதல் இதற்கென்றே ஒரு சங்கம் இயங்குகிறது. நம் வாசகர்களிடமிருந்தும் இதைப் பற்றிக் கேள்விகள் வருகின்றன. கருவியை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது, வந்தபின் பத்திரமாக வைத்துக்கொள்வது பற்றியவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கே: வெளிநாட்டுக் கடையில் ஒரு லாக்பிக் செட் (பூட்டு திறக்கும் கம்பிகளின் தொகுப்பு) ஆர்டர் செய்ய ஆசை. வீட்டில் வைத்திருந்தாலே குற்றம் என்று நண்பர் பயமுறுத்துகிறார். கஸ்டம்ஸில் பிடித்துவைத்துக்கொள்வார்களா? – வாசகர், மதுரை

ப: நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இந்தக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கும் பிரிவு கிடையாது. எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைத்தான் அது பார்க்கிறது. அங்கே மட்டும் மிகக் கறார். அத்துமீறி நுழைவதற்காக ஒரு பூட்டைத் திறந்தாலே அது வீடு உடைத்தல்தான். பூட்டில் கீறல்கூட விழவில்லை என்று வாதாடிப் பயனில்லை. பூட்டிய பெட்டியைக் கெட்ட எண்ணத்தோடு உடைத்தாலும், உடைக்காமல் திறந்தாலும் தண்டனை ஒன்றே.

மாநிலக் காவல் சட்டங்கள் வேறு. மகாராஷ்டிரா காவல் சட்டத்தின் 122-வது பிரிவு, சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை வீடு உடைக்கும் கருவியோடு பிடிபட்டால், தகுந்த காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பைப் பிடிபட்டவர் தலையில்தான் வைக்கிறது. மும்பை வாசகர்கள் குறித்துக்கொள்ளவும். எந்த ஊராக இருந்தாலும், இரவில் பைக் டிக்கியில் இந்த செட்டைப் போட்டுக்கொண்டு சுற்றாதீர்கள்.

இனி கஸ்டம்ஸ். தபாலிலோ விமானக் கூரியரிலோ சொந்த உபயோகத்துக்கு வரும் பொருட்களுக்கு சுங்க வரி அட்டவணையின் 9804 என்ற தலைப்பில் வரி போடுவார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால், ஆர்டர் போடும் நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பலரும் கோட்டைவிடுவது வேறு இடத்தில். வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவும் இன்சூரன்ஸும் சேர்ந்த மொத்தத்துக்கு. 3,000 ரூபாய் செட்டுக்கு 2,500 ரூபாய் கூரியர் என்றால் கணக்கு 5,500 ரூபாயில் தொடங்கும். போதாததற்கு, உங்களுக்காக வரியைக் கட்டிவைத்த கூரியர் நிறுவனம் தனியாக ஒரு கட்டணம் கேட்கும். செட்டைவிட வழிச்செலவு கூடிப்போவது சாதாரணம். அதனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்க நினைப்பார்கள். ஒரே பெயரில் ஐந்தாறு செட் வந்தால் சொந்த உபயோகம் என்பதை அதிகாரி நம்பமாட்டார்.

பெட்டிமேல் ‘கிஃப்ட்’ என்று எழுதச் சொல்லாதீர்கள். பரிசுப் பார்சலுக்கு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரில் போய்விட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் பாக்கி. விலையைக் குறைத்து எழுதச் சொல்வது அதைவிட மோசம். சுங்கச் சட்டம் 1962-ன் 111-வது பிரிவுப்படி, மதிப்பு பொருந்தாத பொருளைப் பறிமுதல் செய்யலாம். ‘பூட்டுப் பயிற்சிக்கான கைக்கருவி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 8 துண்டு, விலை இவ்வளவு’ என்று உள்ளதை உள்ளபடி இன்வாய்ஸில் எழுதித் தரச் சொல்லுங்கள். மொட்டையாக ‘டூல்ஸ்’ என்று மட்டும் எழுதிய பெட்டியைத்தான் முதலில் பிரிப்பார்கள். ஆதாரோ பாஸ்போர்ட்டோ கேட்டுக் கூரியரிலிருந்து தகவல் வரும். அதில் இருக்கும் பெயரும் பார்சலில் இருக்கும் பெயரும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கட்டும். பார்சல் முடங்குவதற்குப் பெரும்பாலும் இந்தப் பெயர்க் குழப்பமே காரணம்.

மடக்குக் கத்தி வடிவில் வரும் செட்டைத் தவிர்த்துவிடுங்கள். எக்ஸ்-ரேயில் அது கத்தியாகவே தெரியும். கிரெடிட் கார்டு, பேனா என்று வேஷம் கட்டி வரும் செட்டுகளும் வேண்டாம். ஒளித்துவைக்கும் தேவை யாருக்கு இருக்கும் என்று பார்ப்பவர் நினைப்பது நியாயம்தானே.

கே: 24 துண்டுகளும் கண்ணாடி போன்ற பயிற்சிப் பூட்டும் சேர்த்து மலிவாகக் கிடைக்கிறது. ஆரம்பத்துக்கு இது போதுமா? – கல்லூரி மாணவர், கோவை

ப: வேண்டாம். அந்த 24-ல் நீங்கள் கையில் எடுக்கப்போவது நான்கைந்துதான். மலிவு செட்டின் கம்பிகள் தடித்து, பிசிறு தட்டி இருக்கும். நல்ல கருவியின் தகடு 0.38 முதல் 0.6 மி.மீ. கனம். அகலமான சாவித்துளைக்கு 0.5 அல்லது 0.6 தாங்கும். வளைந்து நெளிந்த குறுகிய துளைக்கு 0.38 வேண்டும். 0.8 மி.மீ. தகட்டை உள்ளே விட்டால் அது பின்னைத் தொடுவதற்குள் துளையின் சுவரில் உரசும். கைக்கு வரும் உணர்வு எது பின், எது சுவர் என்றே பிரிபடாது.

வாங்க வேண்டியது இவ்வளவுதான்: ஒரு குட்டை ஹூக், ஒரு நடுத்தர ஹூக் (இரண்டும் நுனி வளைந்த கம்பிகள்), ஒரு அரை டைமண்ட் (முக்கோண நுனி), வேண்டுமானால் ஒரு ரேக் (அலைபோன்ற நுனி). இதைவிட முக்கியம் பூட்டின் உருளையைத் திருப்பிப் பிடிக்கும் டென்ஷன் கம்பி. மலிவு செட்டில் இதற்கு நெளிகிற கம்பி ஒன்றிரண்டைப் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். 0.8, 1.0, 1.2 மி.மீ. கனங்களில் தட்டையான கம்பி மூன்றாவது இருக்கட்டும். சாவித்துளையின் விளிம்பில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். ஆடினால் விரலின் அழுத்தம் சீராகப் போய்ச் சேராது. புதிதாகப் பழகுபவர் எல்லோருமே தேவைக்கு மேல் அழுத்துவார்கள். அழுத்தம் கூடினால் பின்கள் எல்லாம் ஒன்றாகக் கவ்விக்கொள்ளும், எதுவும் நகராது. ஹூக்கை நெம்புகோல்போல் நெம்பினால் நுனி முறிந்து துளைக்குள்ளேயே தங்கிவிடும்.

பிசிறு இருந்தால் 400, 600, 1000 எண் உப்புத்தாளில் வரிசையாகத் தேயுங்கள். கிரைண்டரில் பிடிக்காதீர்கள். எஃகு சூடேறி நீலம் பாய்ந்தால் அதன் விறைப்பு போய்விடும். அப்புறம் அது வளையும், நிமிராது.

அந்தக் கண்ணாடிப் பூட்டைப் பற்றி: அதன் துளைகள் தொளதொளவென்று இருப்பதால் எதைவிட்டு ஆட்டினாலும் திறக்கும். கண் பழகுமே தவிர விரல் பழகாது. அந்தக் காசுக்கு ஹார்டுவேர் கடையில் பித்தளையில் நான்கு பின் பூட்டு ஒன்றும், கதவுக்குப் போடும் யூரோ சிலிண்டர் ஒன்றும் வாங்குங்கள்.

கே: யூரோ சிலிண்டரை எளிதாக்கிப் பழகலாம் என்கிறார்களே, எப்படி? – வாசகர், திருப்பூர்

ப: பின்களைக் குறைத்துவிட்டுப் பழகுவது. ஒரு பின்னில் தொடங்கி, கை பழகப் பழக ஒவ்வொன்றாகக் கூட்டலாம்.

ஓரங்களைத் தூக்கிக் கட்டிய தாம்பாளத்தில் வெள்ளைத் துணி விரித்து உட்காருங்கள். சிலிண்டரின் நடுவே, உருளையின் பின்முனையில் ஒரு வளையக் கிளிப் இருக்கும். சின்ன ஸ்குருடிரைவரால் நெம்பி எடுங்கள். தெறிக்கும், விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்பி, உருளையை மெல்ல வெளியே தள்ளுங்கள். அதே நேரத்தில் உருளையின் அதே விட்டமுள்ள உருண்டைக் குச்சி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நுழைய வேண்டும். பெரும்பாலான யூரோ சிலிண்டர்களில் இது 13 மி.மீ.யை ஒட்டி இருக்கும், காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். குச்சிக்கும் உருளைக்கும் இடையில் மயிரிழை இடைவெளி விழுந்தாலும் பூட்டின் உடலில் இருக்கும் ஸ்பிரிங்குகள் மேல்பின்களை (உருளையில் சாவியைத் தொடும் சாவிப்பின்களுக்கு மேலே இருப்பவை) அந்த இடைவெளிக்குள் தள்ளிவிடும். சாவியைத் திருப்பாமல் நேராக இழுத்தாலும் இதே கதிதான்; முதல் பின் அடுத்த துளையில் போய் விழுந்து உருளை சிக்கிக்கொள்ளும். உருளையிலிருந்து எடுத்த சாவிப்பின்களை வரிசை மாறாமல் ஒரு டேப்பில் ஒட்டிவையுங்கள். வரிசை குலைந்தால் பழைய சாவி வேலை செய்யாது. பின் இல்லாத துளைகளின் மேல்பின்னையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டுத்தான் திரும்பப் பூட்ட வேண்டும்.

எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிராஃபைட் பொடி சிட்டிகை போதும்.

கே: செட் வாங்கியாகிவிட்டது. வீட்டு வாசற்கதவிலேயே பழகலாமா? வாடகை வீடு. – வாசகி, திருச்சி

ப: கூடாது, இரண்டு காரணங்களுக்காக. முதலாவது, பூட்டு வீட்டுக்காரருடையது. அவர் அனுமதி இல்லாமல் அதில் கைவைக்கக் கூடாது.

இரண்டாவது, தினமும் நம்பியிருக்கும் பூட்டில் யாருமே பழகக் கூடாது, சொந்த வீடாக இருந்தாலும் சரி. கம்பியால் திறந்து உருளையை அரைச்சுற்று திருப்பும்போது, சாவி இல்லாததால் சாவித்துளையின் அடிப்பகுதி மேல்பின்களுக்கு நேராக வரும். அவை அதற்குள் இறங்கிவிட்டால் உருளை அப்படியே நின்றுவிடும், சாவியும் நுழையாது. ராத்திரி பத்து மணிக்குக் கதவு அந்த நிலையில் நின்றால் சிலிண்டரைத் துளைத்து எடுப்பதுவரை போகும். பயிற்சிப் பூட்டை மேஜையில் ஒரு சிறிய பட்டறைப் பிடியில் மாட்டிப் பழகுங்கள்.

கே: என் செட்டில் எந்தக் கம்பியும் எங்கள் வீட்டுத் திண்டுக்கல் பூட்டில் வேலைக்கு ஆகவில்லை. கருவி மட்டமா? – வாசகர், ஒட்டன்சத்திரம்

ப: கருவிமேல் குற்றமில்லை, பூட்டின் இனமே வேறு. நீங்கள் வாங்கியது பின் பூட்டுக்கான செட். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு நெம்புதகடு வகையைச் சேர்ந்தது. உள்ளே அடுக்கியிருக்கும் தகடு ஒவ்வொன்றையும் சாவியின் பல் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகர வழி கிடைக்கும். இதில் திருப்பிப் பிடிக்க உருளையே இல்லை. அதனால் உங்கள் டென்ஷன் கம்பிக்குப் பிடிமானமும் இல்லை. கையால் செய்து, ஆணி அடித்து மூடிய பூட்டு அது. உள்ளே ஒரு தகடு வளைந்துவிட்டால் நீங்களாகப் பிரித்துச் சரிசெய்ய முடியாது. அதை விட்டுவிடுங்கள்.

கே: அமெரிக்கக் கடை ஒன்று, தபாலில் அனுப்ப மாட்டோம், தனியார் கூரியர்தான் என்கிறது. கூடுதல் காசு பறிக்கும் வேலையா? – வாசகர், சேலம்

ப: இல்லை. பூட்டுத் தொழிலாளி, பூட்டுத் தயாரிப்பாளர், வாகன விற்பனையாளர் போன்ற சிலருக்குத் தவிர, இத்தகைய கருவிகளைத் தபாலில் அனுப்ப அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிப்பதில்லை. கடை நேர்மையாக நடக்கிறது.

கே: லண்டனில் படிக்கும் மகனுக்கு ஒரு செட் அனுப்பலாமா? அவனுக்குத் தொல்லை வருமா? – வாசகி, சென்னை

ப: அறையில் வைத்துப் பழகினால் வராது. இங்கிலாந்தில் ‘திருட்டுச் சட்டம் 1968’-ன் 25-வது பிரிவு, தான் வசிக்கும் இடத்துக்கு வெளியே திருட்டுக்கான பொருளை வைத்திருப்பவரைப் பற்றியது. 3 ஆண்டுவரை சிறை. திருடும் நோக்கம் இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் திருட்டுக்கென்றே செய்த பொருள் கையில் இருந்தால், அதையே நோக்கத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவும் அதே பிரிவு இடம்கொடுக்கிறது. பயிற்சிக் கூட்டத்துக்குக் கொண்டுபோனால் பயிற்சிப் பூட்டுகளோடு ஒரே பெட்டியில் போட்டு எடுத்துப் போகட்டும். முடிந்ததும் நேராக அறைக்கு. நாள் முழுக்கப் புத்தகப்பையில் கிடக்க வேண்டாம். மாணவர் விடுதி என்றால் அறைக்கதவின் பூட்டு விடுதிக்குச் சொந்தம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

கே: பல கார்களுக்கும் பொருந்தும் ஆட்டுசாவி (துளையில் விட்டு ஆட்டித் திறக்கும் சாவி) செட் இணையத்தில் பார்த்தேன். டொராண்டோ முகவரிக்கு வரவழைக்கலாமா? – வாசகர், ஸ்கார்பரோ

ப: கூடாது. கனடாவின் குற்றவியல் சட்டம் 353-வது பிரிவில் அது ‘வாகன மாஸ்டர் சாவி’க்குள் வரும். மாகாண உரிமம் இல்லாமல் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். சாதாரண ஹூக் செட்டுக்கு 351-வது பிரிவு. அங்கே உள்ளே புகப் பயன்பட்டது, பயன்படப்போகிறது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் கேள்வி. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒரே ஆர்டரில் போட்டுவிடாதீர்கள்.

கே: வேலை விஷயமாக டோக்கியோ போகிறேன், செட்டை எடுத்துப் போகலாமா? – வாசகர், சிங்கப்பூர்

ப: வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஜப்பானில் 2003-ல் வந்த சட்டம், தொழில் போன்ற நியாயமான காரணம் இல்லாமல் இந்தக் கருவியை வைத்திருப்பதையே தடுக்கிறது. ஓராண்டுவரை சிறை அல்லது 5 லட்சம் யென்வரை அபராதம். பொழுதுபோக்கு என்ற பதில் அங்கே செல்லாது.

கே: எட்டாம் வகுப்பு மகள் கேட்கிறாள். கொடுக்கலாமா? – வாசகர், நாகர்கோவில்

ப: தாராளமாக. விரல் நுணுக்கமும் பொறுமையும் வளர இதைவிட நல்ல பயிற்சி குறைவு. ஆனால் செட் உங்கள் பொறுப்பில், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். எடுக்கும்போது துண்டுகளை எண்ணிக் கொடுங்கள், வைக்கும்போது எண்ணி வாங்குங்கள். பள்ளிக்குப் போகக் கூடாது, அடுத்த வீட்டுப் பூட்டைத் தொடக் கூடாது, தோழி கேட்டாலும் கூடாது. பக்கத்து வீட்டார் ‘சாவி தொலைஞ்சுபோச்சு, பாப்பாவை வரச் சொல்லுங்க’ என்று கூப்பிடக்கூடும். அனுப்பாதீர்கள். அந்த வீடு அவர்களுடையதுதானா, உள்ளே இருப்பது யாருடையது என்பதைச் சரிபார்க்கும் வேலை குழந்தையுடையதல்ல. சாவிக்காரரை அழைக்கச் சொல்லுங்கள்.

கே: ஆர்வம் போய்விட்டது. பழைய பொருள் விற்கும் தளத்தில் செட்டைப் போட்டுவிடலாமா? – வாசகர், ஈரோடு

ப: முகம் தெரியாதவருக்கு வேண்டாம். தெரிந்த பயிற்சியாளர் யாராவது இருந்தால், பில்லோடு சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் கட்டிங் பிளேயரால் ஒவ்வொரு கம்பியின் நுனியையும் ஒரு சென்டிமீட்டர் நறுக்கிவிட்டு இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிடலாம். நறுக்கும்போது துண்டு தெறிக்கும். பழைய துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டுங்கள். பயிற்சிப் பூட்டுகளில் பின்களை எடுத்திருந்தால் அவற்றை யாருக்கும் நிஜப் பூட்டாகக் கொடுத்துவிடாதீர்கள்.