விடை தெரியும், பஸர்லதான் கை போகுதில்ல

கேள்வி: அக்கா, நான் திருகோணமலை உவர்மலையில இருந்து எழுதுறன், ஏஎல் முதலாம் வருஷம். எங்கட ஊர் கேபிள் சனல் ஒண்டு பள்ளிக்கூடங்களுக்கு இடையில வினாடி வினா நடத்தப்போகுது. டீமுக்கு நாலு பேர், நானும் மூண்டு பெடியன்களும். பயிற்சியில முக்காவாசி கேள்விக்கு எனக்கு விடை தெரியும், ஆனா நூறு வீதம் சரியா எண்டு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள வேற ஆரும் பஸரை அமத்திடுவாங்க. போன கிழமை பாடல் பெற்ற தலம், அதாவது தேவாரம் பாடின கோயில், பற்றின கேள்விக்கு எங்கட கெப்டன் பாதியிலயே அமத்தி கோணேஸ்வரம் எண்டான், பிழை. கேதீஸ்வரம் எண்டு எனக்குத் தெரியும், மெல்லமா சொன்னனான், அவன் கணக்கெடுக்கல்ல. சரிக்கு பத்து, பிழைக்கு அஞ்சு கழிவு, அமத்தினா அஞ்சு செக்கனுக்குள்ள சொல்லோணும். டீச்சர் நீ ஸ்லோ எண்டு சொல்லிட்டா. அம்மா டியூசன் கெடப்போகுது எண்டுறா. வெள்ளிக்கிழமை பேர் குடுக்கோணும். நான் விலகிடட்டா?

பதில்: விலகாதீங்க தங்கச்சி. முதல்ல இதைச் சொல்லிட்டு மிச்சத்தை ஆறுதலா கதைப்பம், ஏனெண்டா நீங்க எழுதினதை வச்சுப் பாத்தா அந்த டீமில கன விடை தெரிஞ்ச ஆள் நீங்கதான், அந்த ஆளே எழும்பிப் போனா பிறகு மூண்டு பெடியன்களும் பஸரை அமத்தி அமத்தி அஞ்சு அஞ்சா கழிபடத்தான் போறாங்க.

நான் கொஞ்சக் காலம் பள்ளிக்கூடப் போட்டிகளுக்குக் கேள்வி எழுதிக் குடுத்தனான், அதால அந்தக் கோணேஸ்வரக் கேள்வியை கேள்வி எழுதுற ஆளின்ட பக்கத்தில இருந்து காட்டுறன். இலங்கையில பாடல் பெற்ற தலம் ரெண்டே ரெண்டுதான், மன்னார் மாதோட்டத்துக் கேதீஸ்வரமும் எங்கட திருகோணமலைக் கோணேஸ்வரமும். சம்பந்தர் ரெண்டையும் பாடியிருக்கார். அப்ப 'ஏழாம் நூற்றாண்டில சம்பந்தர் பாடின இலங்கைத் தலம்' எண்டு வாசிக்கிற வரைக்கும் விடை ரெண்டு பக்கமும் திறந்து கிடக்கு, எவ்வளவு படிச்ச ஆளெண்டாலும் அதில அமத்தினா அது குருட்டு அதிஷ்டம்தான். அடுத்ததா 'சுந்தரரும்' எண்டு ஒரு சொல் விழும். சுந்தரர் பாடினது கேதீஸ்வரத்தை மட்டும்தான், கோணேஸ்வரத்துக்கு அவர்ட பதிகம் இல்ல. அந்தச் சொல் காதில விழுந்த அதே நேரம் கேள்வி முடிஞ்சுது, மிச்சம் வாசிக்கிறது சும்மா. உங்கட கெப்டன் அந்தச் சொல்லுக்கு முதல் அமத்தினான், நீங்க அந்தச் சொல்லுக்குப் பிறகும் அமத்தல்ல, ரெண்டு பேரும் தவறவிட்டது அந்த ஒரு சொல்லைத்தான்.

இதைத்தான் நான் கேள்வி பிரியிற இடம் எண்டுறது. இன்னொண்டு பாருங்க. '1942 ஏப்ரல்ல ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட இலங்கைத் துறைமுகம்' எண்டு தொடங்கினா எங்கட ஊர்ப் பிள்ளையள் எல்லாம் துள்ளி விழுந்து திருகோணமலை எண்டுவாங்க, ஊர்ப் பாசம் அப்பிடி. ஆனா ஏப்ரல் 5-ம் திகதி கொழும்பு, 9-ம் திகதிதான் திருகோணமலை, அதே 9-ம் திகதிதான் ஹெர்மிஸ் எண்ட விமானந்தாங்கிக் கப்பலையும் மட்டக்களப்புக் கடல்ல தாட்டவங்க. திகதி வரும் வரைக்கும் கை பொறுக்கோணும், வந்த பிறகு பொறுக்கக்கூடாது. மகாவலியும் அப்பிடித்தான், 'இலங்கையின் மிக நீளமான ஆறு' எண்ட உடனே ஆராவது மகாவலி எண்டுவாங்க, கேள்வி 'மகாவலி, அதுக்கு அடுத்தது எது' எண்டு மல்வத்து ஓயாவில போய் நிக்கும்.

அப்ப வேகம் எண்டுறது விரல்ல இல்ல, கேக்கிற காதில இருக்கு. உங்களுக்கு ஏற்கனவே இதில பாதி கிடைச்சிருக்கு, அதனாலதான் அந்தப் பெடியன் மாதிரி ஓடிப்போய் விழாம இருக்கிறீங்க. மிச்சப் பாதியைப் பழகலாம், நான் பழகின பிள்ளையளைப் பாத்திருக்கன்.

எப்பிடிப் பழகிறது எண்டா, வீட்டில தங்கச்சியோ தம்பியோ ஆராவது ஒராளைப் பிடிச்சு பழைய கேள்விகளை ஒவ்வொரு சொல்லா நிப்பாட்டி நிப்பாட்டி வாசிக்கச் சொல்லுங்க. விடை வந்த சொல்லில மேசையில தட்டுங்க. வாசிக்கிற ஆள் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில பென்சிலால ஒரு கோடு போடோணும், பிறகு நீங்க ரெண்டு பேருமா இருந்து கேள்வி உண்மையா பிரிஞ்ச சொல் எது எண்டு பாத்து அதில சிவப்பால கோடு போடுங்க. பென்சில் கோடும் சிவப்புக் கோடும் எவ்வளவு தூரம் எண்டு பாத்தா உங்கட நிலைமை ஒரு கிழமையில கண்ணுக்கு முன்னால வந்திடும். உங்கட பென்சில் கோடு எப்பவும் சிவப்புக்குப் பின்னால நிக்கும் எண்டு நினைக்கிறன், அதை ஒவ்வொரு சொல்லா முன்னுக்குக் கொண்டு வரோணும், அவ்வளவுதான் வேலை. இன்னொண்டு, அமத்தின பிறகு அஞ்சு செக்கன் குடுக்கிறாங்கதானே, அது கன நேரம், மணிக்கூட்டை வச்சு எண்ணிப் பாருங்க. விடை வாயில வந்த பிறகுதான் அமத்தோணும் எண்டில்ல, இப்ப வந்திடும் எண்டு உள்ளுக்க தெரியிற நேரமே அமத்தலாம், அந்த அஞ்சு செக்கனுக்குள்ள பேர் வந்து சேரும். கெட்டிக்கார டீம் எல்லாம் இப்பிடித்தான் அமத்துறது.

நூறு வீதம் நிச்சயம் வேணும் எண்டு எழுதியிருக்கிறீங்க, அந்தக் கணக்கையும் ஒருக்கா போட்டுப் பாப்பம். சரிக்கு பத்து, பிழைக்கு அஞ்சு கழிவு எண்டா, பாதி நிச்சயத்தோட பத்துக் கேள்விக்கு அமத்தி அஞ்சு சரி அஞ்சு பிழை எண்டு வந்தாலும் ஐம்பதில இருபத்தைஞ்சு போய் இருபத்தைஞ்சு கையில நிக்கும். அமத்தாம இருந்தா பூச்சியம். மூண்டில ஒண்டு சரி வந்தாக்கூட நட்டம் இல்ல. ஒரு விஷயம், நீங்க பிழைவிட்டா மத்த டீமுக்கு கேள்வி போகும், அதனால மூண்டில ஒண்டு போதாது, பாதிக்கு மேல நிச்சயம் இருந்தா அமத்துங்க எண்டுதான் நான் சொல்லுவன்.

ஆனா இது கணக்கு மட்டும் இல்ல எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. எங்கட வகுப்புகள்ல பிழையான விடை சொன்னா எழுப்பி நிப்பாட்டுவாங்க, பக்கத்தில இருக்கிறவள் சிரிப்பாள், வீட்டில வந்து சொன்னா அங்கயும் பேச்சு. பத்து வருஷம் அப்பிடிப் படிச்சிட்டு வந்த ஒரு பிள்ளையிட்ட திடீரெண்டு ஒரு பட்டனைக் குடுத்து நிச்சயம் இல்லாட்டியும் அமத்து எண்டா கை எப்பிடிப் போகும்? பொம்பிளப் பிள்ளையளுக்கு இது இன்னும் கூட, பெடியன் பிழை சொன்னா துணிஞ்சவன் எண்டுவாங்க, அதையே பிள்ளை சொன்னா இதுகூடத் தெரியாதா எண்டுவாங்க. எனக்கு இதில உண்மையாவே கோவம் வாறது. உங்கட கை போகாததுக்கு நீங்க மட்டும் காரணம் இல்ல, அதை மனசில வையுங்க. ஸ்லோ எண்ட சொல்லையும் அதோட விட்டிடுங்க, டீச்சர் பாத்தது உங்கட கையை, உங்கட தலைக்குள்ள இருக்கிறதை அவ பாக்கல்ல.

இப்ப கெப்டன்ட கதை. நீங்க மெல்லமா சொன்னனான் எண்டு எழுதியிருக்கிறீங்க, என்னெண்டு சொன்னீங்க எண்டு யோசிச்சுப் பாருங்க. 'அது கேதீஸ்வரமோ தெரியாது' எண்டு இழுத்திருப்பீங்க எண்டு நினைக்கிறன், எங்கட பிள்ளையள் கனபேர் அப்பிடித்தான் சொல்லுறது, தெரிஞ்சதையும் தெரியாத மாதிரி. இனிமேல் விடையை முதல்ல சொல்லுங்க, பிறகு எவ்வளவு நிச்சயம் எண்டு ஒரு சொல். 'கேதீஸ்வரம், நிச்சயம்.' இல்லாட்டி 'கேதீஸ்வரம், பாதி.' அவ்வளவும் போதும். நாலு பேரும் இப்பிடிக் கதைக்கிறதெண்டு முதலே பேசி வச்சா ஆர்ட சத்தம் கூட எண்டு பாத்து முடிவெடுக்கிற நிலைமை வராது. அவனைக் கூப்பிட்டு சண்டை பிடிக்கத் தேவையில்ல, ரெண்டு பேருமா இருந்து அந்தக் கோணேஸ்வரக் கேள்வியை பென்சிலும் சிவப்பும் வச்சுப் பாருங்க, அவனுக்கும் அது தேவை, உங்களைவிட கூடத் தேவை.

எந்தப் பாடக் கேள்வி ஆருக்கு எண்டும் நாலு பேருக்குள்ள பிரிச்சு எடுங்க. இங்கிலாந்தில 1962-ல தொடங்கின யுனிவர்சிட்டி சலஞ்ச் எண்ட டீவிப் போட்டியில முதல் கேள்விக்கு ஒராள் தனிய, பக்கத்தில கேக்காம அமத்திச் சொல்லோணும், சரி எண்டா அடுத்த மூண்டு கேள்விக்கு நாலு பேரும் கலந்து பேசி கெப்டன் சொல்லுவார். அதில பாயிற ஆளும் வேணும், நிண்டு யோசிக்கிற ஆளும் வேணும் எண்டு விதியிலயே வச்சிருக்கிறாங்க. அமெரிக்காவில வாஷிங்டன் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு எண்டு 1961-ல தொடங்கின இட்ஸ் அகாடமிக், பள்ளிக்கூடத்துக்கு மூண்டு பிள்ளையளா வந்து இருக்கிற ஒரு உள்ளூர் டீவி நிகழ்ச்சிதான், அது உலகத்திலயே கன காலம் ஓடின டீவி வினாடி வினா எண்டு கின்னஸ்ல ஏறியிருக்கு. உள்ளூர் சனல்தானே எண்டு ஆரும் சொன்னா அதைச் சொல்லுங்க. உங்களுக்கு சமயம், வரலாறு, ஊர் பற்றின கேள்விகள் எண்டா அதில நீங்கதான் முதல் கை, மற்றவங்க அந்தக் கேள்வியில பொறுக்கோணும் எண்டு டீச்சருக்கு முன்னாலயே முடிவெடுங்க. 1817-ல பம்பாயில தேக்கில கட்டின, இப்ப ஹார்ட்டில்பூல்ல மியூசியமா நிக்கிற போர்க்கப்பல் எண்டு கேட்டா, கப்பல்ட பேரே திருகோணமலை எண்டு எங்கட பிள்ளை ஒண்டு அமத்தாம வெளியூர் டீம் அமத்தினா எனக்குத் தாங்காது.

அம்மாட்ட சொல்லுங்க, ராச்சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலம், அதுக்கு மேல இல்ல எண்டு. சோதனை அடுத்த வருஷம்தானே. ஒருக்கா அவவையே கேள்வி வாசிக்க இருத்திப் பாருங்க, கன அம்மாமார் அதில ஆசையா இருந்திடுவாங்க.

வெள்ளிக்கிழமை உங்கட பேரைக் குடுங்க. குடுக்கேக்க டீச்சரிட்ட சொல்லி சனல்காரரிட்ட ரெண்டு விஷயம் கேட்டு எழுதி எடுங்க: கேள்வி முடிய முதல் அமத்தினா அந்த இடத்திலயே வாசிக்கிறதை நிப்பாட்டுவாங்களா, அமத்தினவர் பிழைவிட்டா மத்த டீமுக்கு கேள்வியை முழுக்க வாசிப்பாங்களா. முழுக்க வாசிப்பாங்க எண்டா முந்தி அமத்திப் பிழைவிடுறது மத்த டீமுக்கு நல்ல வசதியாப் போயிடும், அப்ப உங்கட கெப்டனுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை பழக்கோணும். ரெண்டுக்கும் பதில் கிடைச்ச பிறகு பென்சிலை எடுங்க.