லேஅவுட் மொழியில் சார்பு அளவுக்கு வெறும் '50%' போதுமா?

திரையில் எது எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று சொல்லும் புதிய லேஅவுட் மொழி ஒன்றை வடிவமைக்கிறீர்கள். சார்பு அளவுகளுக்கு, அதாவது இன்னொன்றின் அளவை வைத்துச் சொல்லும் அளவுகளுக்கு, சதவீதக் குறி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பேன். எதில் பாதி என்பதை அந்தக் குறி சொல்வதில்லை. வலைப்பக்கத் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் சதவீத உயரம் பெற்றோர் பெட்டியின் (சுற்றியுள்ள வெளிப் பெட்டியின்) உயரத்தைப் பார்க்கும். மேல் பேடிங்கோ (பெட்டிக்குள் மேலே விடும் இடம்) அதன் அகலத்தைப் பார்க்கும்! பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

செயலிகளின் திரைகளை வடிவமைக்கும் கியூஎம்எல் மொழியின் வழி எனக்குப் பிடிக்கும். 'பேரன்ட்.வித்த் * 0.5' (பெற்றோர் பெட்டியின் அகலத்தில் பாதி) என்று எழுதினால் எதில் பாதி என்பது அந்த வரியிலேயே இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஆறு மாதம் கழித்துப் படிப்பவர் தேடி அலைய வேண்டாம்.

அப்புறம், மீதி இடத்தைப் பங்கிடுவது வேறு வேலை. அதற்கு சிஎஸ்எஸ் கிரிட்டின் (கட்டங்களாக அடுக்கும் முறையின்) 'எஃப்ஆர்' என்ற பங்கு அலகு போலத் தனி அலகு வையுங்கள். இரண்டு 50% பத்திகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் பெட்டி வழிந்துவிடும். 'எஃப்ஆர்' இடைவெளியைக் கழித்த பிறகே பங்கு போடும்.