வேலைக்குக் கொஞ்சமும் ஒட்டாத பொழுதுபோக்கு உங்களிடம் உண்டா? இரண்டையும் எப்படிச் சமாளித்தீர்கள்?

உண்டு. கடற்படையில் 22 வருஷம் ஹெலிகாப்டர் ஓட்டினேன். சேர்த்தது பழைய புத்தகம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர். போகிற ஊரில் பாதிக்கு மேல் கடலோரம், உப்புக்காற்று. புத்தகங்களுக்கு என்னைவிட மோசமான எஜமான் வாய்க்கமாட்டான்.

ஆரம்பித்தது அரக்கோணத்தில். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கே ஐஎன்எஸ் ராஜாளி விமானதளத்தில் இருக்கிறது. சேத்தக் என்கிற சின்ன ஹெலிகாப்டரில் முதல் சில வாரம் ஹோவர் பழகியே உயிர் போய்விடும். அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இடது கையில் ஏற்றி இறக்குகிற கலெக்டிவ், வலது கையில் முன்பின் பக்கவாட்டில் நகர்த்துகிற சைக்ளிக், காலடியில் மூக்கைத் திருப்புகிற பெடல். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் சரிசெய்தாக வேண்டும். நான் நிற்க வைத்த ஹெலிகாப்டர் ஒரு கால்பந்து மைதானம் முழுக்க அலைந்தது.

ஞாயிறு வந்தால் ரயில் ஏறி சென்னை வந்து, திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவேன். அங்கே ஒரு கடைக்காரர் கேட்டார், "இன்னா சார் வேலை?"

"பைலட்."

குவியலுக்கு அடியிலிருந்து தடியாக ஒன்றை உருவினார். "அப்ப இது ஒங்களுக்குத்தான். பைலட்டுன்னே போட்டிருக்கு பாரு."

போட்டிருந்தது உண்மைதான். 'பே ஆஃப் பெங்கால் பைலட்'. ஆனால் அது பறக்கிற பைலட் இல்லை. கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கூட்டிவருபவருக்கும் பைலட் என்றுதான் பெயர். பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் ஒவ்வொரு கடலுக்கும் வெளியிட்ட வழிகாட்டி நூல்களுக்கும் அதே பெயர் வைத்தார்கள். எங்கே நங்கூரம் போடலாம், எங்கே மணல்திட்டு, எந்த மாதம் எந்தப் பக்கம் நீரோட்டம், கடலிலிருந்து பார்த்தால் கரை எப்படித் தெரியும் என்று பக்கம் பக்கமாக இருக்கும். நாற்பது ரூபாய் கொடுத்து வாங்கினேன். பைலட்டுக்கு பைலட் விற்ற திருப்தி அவருக்கு.

என் பிரதியில் தலைப்புப் பக்கம் கிடையாது. ஆனால் உள்ளே திருத்தச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. கலங்கரை விளக்கின் ஒளி மாறினால், புதிதாக ஒரு மிதவை போட்டால், கப்பலுக்கு அச்சடித்த அறிவிப்பு வரும். அதைக் கத்தரித்து அந்தந்த இடத்தில் ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தில் மூன்று சீட்டு ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது. கடைசிச் சீட்டில் 1937. பக்க ஓரத்தில் யாரோ பென்சிலால் ஒரு ஆழத்தை அடித்துவிட்டு வேறு எண் எழுதியிருந்தார்கள். அந்தப் பென்சில் எழுத்தில் விழுந்தவன்தான் நான். அதன்பிறகு முதல் பதிப்பு, ஆசிரியர் கையெழுத்து என்று அலைகிற ஆசையே வரவில்லை. யாரோ வேலைக்குப் பயன்படுத்தி அழுக்காக்கிய புத்தகம்தான் வேண்டும். பஞ்சாங்கம், ரயில்வே கால அட்டவணை, துறைமுகக் கட்டணப் புத்தகம்.

கொச்சிக்குப் போனபின் சீ கிங் ஹெலிகாப்டர். நீர்மூழ்கி தேடுகிற வேலை. கடலுக்குச் சுமார் 50 அடி மேலே நின்றுகொண்டு, ஒலியை வைத்து நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கிற சோனார் கருவியைக் கேபிளில் தண்ணீருக்குள் இறக்கிக் காது கொடுக்க வேண்டும். நிலா இல்லாத இரவில் வானமும் கடலும் ஒரே கறுப்பு. கண்ணை நம்பினால் செத்தோம், மீட்டர்தான் கதி. இறக்கை கிளப்புகிற உப்புச் சாரல் உடம்பெல்லாம் படியும், அதனால் திரும்பி வந்ததும் ஹெலிகாப்டரை நல்ல தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டும். எஞ்சினுக்கும் தனியாகக் கழுவல் உண்டு. தெற்கே கொல்லம் பக்கம் போகும்போதெல்லாம், தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலான தம்பிரான் வணக்கம் 1578இல் இந்த ஊரில்தான் அச்சானது, மொத்தம் 16 பக்கம், தெரிந்தவரை ஒரே பிரதி, அதுவும் அமெரிக்காவில் ஹார்வர்டில் இருக்கிறது என்று ஆரம்பிப்பேன். கோ-பைலட் ஒருவன், "சார், ஃப்யூயல் பாருங்க" என்பான்.

புத்தகத்தைத் தண்ணீரில் கழுவ முடியாதே. கொச்சி மழைக்காலத்தில் ஒரே ராத்திரியில் அட்டையில் பூஞ்சை பூத்துவிடும். வசம்பு வைத்தால் ராமபாணப் பூச்சி வராது என்று அம்மா சொன்னதைச் செய்தேன். ஈரத்துக்கு அது போதவில்லை. உதிரிபாகம் வரும் பெட்டிகளில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கும். காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்துவிட்டால் இளஞ்சிவப்பு. தூக்கி எறியப்போவதை வாங்கிவந்து, வாணலியில் வறுத்துத் திரும்ப நீலமாக்கி டிரங்குப் பெட்டிக்குள் போடுவேன். தோசைக்கல் பக்கம் வரக்கூடாது என்று வீட்டில் உத்தரவு, அதனால் இதற்கென்றே ஒரு பழைய வாணலி.

பொருந்தாத வேலை என்றால் எனக்கு ஆதர்சம் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் சேர்த்த பழைய புத்தகங்களைத்தான் 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே நூலகமாக வைத்தது. அவர் அளவுக்கு எனக்குக் கட்டுப்பாடு இருந்திருந்தால் 2015 வந்திருக்காது.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது எனக்கு மறுபடியும் ராஜாளியில் டியூட்டி. சென்னை விமான நிலையத்தில் தண்ணீர் ஏறியதால் பயணிகள் விமானங்களையே எங்கள் ஓடுதளத்தில் இறக்கினார்கள். எங்கள் ஹெலிகாப்டர்கள் சாப்பாட்டுப் பொட்டலம் போடுவதும் ஆட்களைத் தூக்குவதுமாக இருந்தன. என் அப்பா அம்மா முடிச்சூரில். போன் கிடைக்கவில்லை. நாலாம் நாள் போய்ப் பார்த்தால் இருவரும் பக்கத்து வீட்டு மாடியில் பத்திரம். கீழே என்னுடைய நாலு டிரங்குப் பெட்டி. இரும்புப் பெட்டிக்குள் தண்ணீர் புகாது என்று நினைத்திருந்தேன். புகும். வெளியேதான் போகாது.

அம்மா சொன்னாள், "ஊரையெல்லாம் தூக்கி மாடியில விடுறீங்க. இதையும் தூக்கி மாடியில வெச்சிருக்கக் கூடாதா?"

வழவழ தாளில் அச்சிட்ட விலை அதிகமான படப் புத்தகங்கள் ஒட்டிப்போய்ச் செங்கல்லாகிவிட்டன. அவற்றுக்கு மருந்தே இல்லை. பழைய சொரசொரத் தாள்தான் தப்பித்தது. அப்பா கொடி கட்டி, கிளிப் போட்டு ஒவ்வொன்றாகக் காயவைத்தார். பே ஆஃப் பெங்கால் பைலட் உப்பிப்போய் ஒன்றரை மடங்கு தடியானது. ஒட்டிய சீட்டுகள் எல்லாம் கழன்றுவிட்டன. எது எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்று படித்துப் பார்த்துத் திரும்ப ஒட்டவே எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. பென்சில் எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

ஓய்வு பெற்று வீட்டில் அலமாரி அடித்தபோது, கப்பல் கேபினில் இருப்பதுபோல ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் குறுக்கே ஒரு கட்டை வைக்கச் சொன்னேன். கப்பல் ஆடினால் புத்தகம் விழாமல் இருக்க வைப்பது.

ஆசாரி அளவெடுத்துக்கொண்டே கேட்டார், "ஏன் சார், வீடு ஆடுமா?"

பழக்கம் என்றேன். கட்டைக்குத் தனியாகக் கூலி வாங்கிக்கொண்டார்.