ரிச்சர்ட் செர்ராவின் வளைந்த இரும்புத் தகடுகளை ஏன் சிற்பம் என்கிறார்கள்?

உருவமே இல்லையே, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எடை இருக்கிறது. செர்ராவுக்கு அதுதான் கருப்பொருள். 1938-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த அமெரிக்கச் சிற்பி. படிக்கும் காலத்தில் செலவுக்காக எஃகு ஆலைகளில் வேலை பார்த்தவர்.

1969-இல் நான்கு கனத்த ஈயத் தகடுகளை மேல் மூலைகள் ஒன்றையொன்று தாங்கும்படி சாய்த்து நிறுத்தினார். வெல்டிங் கிடையாது, ஆணி கிடையாது. ஒன்றை எடுத்தால் மற்றவை சரியும். பக்கத்தில் நிற்பவருக்கு அந்தப் பயமும் சிற்பத்தில் சேர்த்திதான்.

1981-இல் நியூயார்க்கின் அரசு அலுவலக வளாகத்தில் 120 அடி நீளத்துக்கு ஓர் எஃகுச் சுவரை நிறுத்தினார். பெயர் ‘டில்டட் ஆர்க்’, அதாவது சாய்ந்த வளைவு. வழியை மறிக்கிறது என்று அங்கே வேலை செய்தவர்கள் எதிர்த்தார்கள். வேறிடத்துக்கு மாற்றலாம் என்றபோது செர்ரா மறுத்தார்: அந்த இடத்துக்காகவே செய்தது, பெயர்த்தால் அழித்ததாகவே அர்த்தம். அகற்றக் கூடாது என்று போட்ட வழக்கில் தோற்றார், 1989-இல் அகற்றிவிட்டார்கள். அவர் வாதம் எனக்குச் சரியென்றே படுகிறது. தினமும் சுற்றிப் போனவர்களின் கோபத்திலும் நியாயம் உண்டு.

அப்புறம், ஸ்பெயினின் பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் 2005 முதல் இருக்கும் ‘த மேட்டர் ஆஃப் டைம்’. அதன் வளைந்த துருநிற எஃகுச் சுவர்களுக்கு நடுவே நடந்தால் அவை தலைக்கு மேல் சாயும், திடீரென விலகும். தரை சமமாக இருந்தும் உடம்பு தடுமாறும். செர்ரா 2024-இல் காலமானார். புகைப்படத்தை மட்டும் வைத்து அவரை எடைபோடாதீர்கள். உள்ளே நடந்தபடி எடுத்த வீடியோ கிடைத்தால் பாருங்கள்.